உண்டபின் உறங்கியமை தொடர்பாக

சிலுவைதாசன் கடலுக்குப் பயந்து அரசாங்கத்துக்கு வந்தவன். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் ஏறி வந்து போனதற்குப் பிறகு, வள்ளத்தில் காலை வைத்தாலே அவனுடைய முழங்கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். மச்சான் ஏசிப் பார்த்தார், பங்குச் சாமியார் ஜெபித்துப் பார்த்தார், முழங்கால் யார் பேச்சையும் கேட்கவில்லை. கடைசியில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் கூலிக்கு நின்றுகொண்டே படித்து, தேர்வுக்கு மேல் தேர்வாக எழுதித் தோற்று, ஒருவழியாகத் தேறி இளநிலை உதவியாளர் ஆனான். கரையில் ஒரு மேசை, மேசைக்கு மேலே மின்விசிறி, மாதம் பிறந்தால் சம்பளம். அரசாங்கத்தில் அலை கிடையாது என்று நம்பினான், பாவம்.

அவனுக்குக் கிடைத்தது நாகர்கோவிலில் இருந்த குளங்கள் கணக்கெடுப்பு உதவி இயக்குநர் அலுவலகம். மாவட்டத்தில் எத்தனை குளம் இருக்கிறது என்று ஆண்டுதோறும் எண்ணிச் சென்னைக்கு அனுப்புவது அந்த அலுவலகத்தின் வேலை. ஆண்டுதோறும் அதே எண்தான் போகும். குறைத்து அனுப்பினால் ஏன் குறைந்தது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும். பதில் எழுதுவதற்குக் குளத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த அலுவலகமே ஒரு குளத்தைத் தூர்த்து அதன்மேல் கட்டியதுதான். அந்தக் குளமும் கணக்கில் இருந்தது. மழைக்காலத்தில் பதிவறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது, நம்முடைய கணக்கு முழுப் பொய்யில்லை என்று ஊழியர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டாகும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவனுக்கு ஆபத்து வருவது கஷ்டம். ஆனாலும் வந்தது, வாழையிலையில் வந்தது.

2011 ஐப்பசியில் உதவி இயக்குநர் பொன்னுலிங்கத்தின் மகளுக்குச் சுசீந்திரத்தில் கல்யாணம். முகூர்த்தம் புதன்கிழமை. பொன்னுலிங்கம் ஒவ்வொரு மேசையிலும் தாமே அழைப்பிதழ் வைத்தார். "வேலை நாளு கேட்டியளா, ஆபீசைப் போட்டுட்டு ஒருத்தரும் வரப்பிடாது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்து, "வராத ஆளு யாருன்னு நான் பார்ப்பேன்" என்றார்.

எல்லாரும் போனார்கள். அலுவலக ஜீப் இரண்டு நடை அடித்தது. நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் இரண்டாம் பாயசத்துக்கு முன்னால் எழுந்திருக்கிறவன், பெண் வீட்டாரோடு வரப்பு வழக்கு உள்ளவனாக இருக்க வேண்டும். சிலுவைதாசனுக்கு வயிறு முட்டத் தின்று பழக்கமில்லை. வள்ளத்துக்குப் போகிறவர்கள் அரை வயிறுதான் தின்பார்கள். வயிறு நிறைந்தால் கண் கனக்கும், கண் கனத்தவன் சுக்கான் பிடித்தால் நேராகப் பாறையில் கொண்டுபோய்ச் சாத்துவான். இது அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் இலைக்கு முன்னால் பொன்னுலிங்கமே பட்டுவேட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"தின்னும் ஓய், கூச்சப்படப்பிடாது. ஏலே, செலுவைக்கு இன்னும் ரெண்டு கரண்டி பிரதமன் விடு. பழத்தப் பெசையும், பப்படத்தப் பொடிச்சுப் போடும். என்னவே, எனக்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கல்லியா?"

அவனுடைய தகுதிகாண் பருவம் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. வேலையை நிரந்தரமாக்கும் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டிய கை, பிரதமன் பாயச வாளியைக் காட்டிக்கொண்டிருந்தது. சிலுவைதாசன் பயந்து பயந்து தின்றான். இவ்வளவு ருசியான சாப்பாட்டை இவ்வளவு பயத்தோடு தின்றவர் அந்தப் பந்தியில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

எல்லாரும் மதியம் அலுவலகம் திரும்பினார்கள். அன்றைக்கென்று பார்த்துச் சென்னையிலிருந்து இயக்குநர், ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரத்தை முன்னிட்டு எல்லா மாவட்டங்களுக்கும் காணொலியில் உறுதிமொழி செய்து வைக்க முடிவு செய்திருந்தார். கருவி புதிது, வயர் குட்டை. ஒரே ஒரு நாற்காலியைத்தான் கேமராவால் பார்க்க முடிந்தது. பணியில் இளையவன் என்பதால் அதில் சிலுவைதாசனை உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் கேமராவின் கண்ணுக்கு எட்டாத பக்கங்களில் உட்கார்ந்தார்கள். பொறுப்பில் இருந்த கண்காணிப்பாளர் செல்லபாய் இரும்பு அலமாரிக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் அலுவலகம் மொத்தமும் தூங்கியது. கோப்புகள் மேல் தலைகள் கிடந்தன. ஆனால் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தூங்கியது ஒரே ஒருவன்தான்.

இயக்குநர் உணர்ச்சியோடு வாசித்தார்: "எந்நேரமும் விழிப்புடன் இருப்பேன்." முப்பத்தோரு மாவட்டங்கள் அதைத் திருப்பிச் சொல்லின. முப்பத்திரண்டாவது மாவட்டம் குறட்டை விட்டது.

பத்தாம் நாள் மெமோ வந்தது. பதினேழு பி. அரசு ஊழியர்கள் இந்த எண்ணைக் கேட்டால் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள், வேலையையே பறிக்கக்கூடிய விதி அது. குற்றச்சாட்டுகள் மூன்று. ஒன்று, உறுதிமொழி ஏற்பின்போது வாய் திறந்த நிலையில் உண்டபின் உறங்கியமை. இரண்டு, மேற்படி உறக்கத்துக்கு முன் அனுமதி பெறாமை. மூன்று, உறுதிமொழிக்குப் பதிலாக அரசால் அங்கீகரிக்கப்படாத ஒலி எழுப்பியமை.

பொன்னுலிங்கம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். கல்யாணக் களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"ஓய், கல்யாண வீட்டைப் பத்தி மூச்சு விடப்பிடாது. ஆபீஸ் நேரத்துல எல்லாரும் வந்தது வெளிய தெரிஞ்சா எல்லாருக்கும் கேடு. புரிஞ்சுதா? நீரு தின்னதே இல்ல."

"பின்ன எதுக்கு உறங்குனேன்னு கேட்டா ஐயா?"

"அது உம்ம பாடு."

செல்லபாய் பரவாயில்லை, கொஞ்சம் இரக்கம் உள்ளவர். "மக்கா, பேடிக்காண்டாம்" என்று தைரியம் சொல்லி விளக்கக் கடிதத்தைத் தாமே எழுதிக் கொடுத்தார். உறுதிமொழியை மனத்தில் ஆழமாகப் பதிய வைக்கும் பொருட்டுக் கண்களை மூடியிருந்தேன் என்று எழுதினார். சென்னையிலிருந்து உடனே பதில் வந்தது: கண் மூடியதற்கான காரணம் பரிசீலனையில் உள்ளது, குறட்டைக்கான காரணத்தைத் தனியே தெரிவிக்கவும். மேற்படி உறுதிமொழியை மனத்துக்குள் உரக்கச் சொன்னபோது அதில் ஒரு பகுதி மூக்கு வழியாக வெளியேறிவிட்டது என்று செல்லபாய் இரண்டாம் கடிதம் எழுதினார். அதற்குப் பதிலாக ஒரு விசாரணை அதிகாரியை நியமித்து ஆணை வந்தது.

அன்று சாயங்காலம் சிலுவைதாசன் வீட்டுக்குப் போனபோது மனைவி ஜெபகுமாரி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எனக்க வேல போயிரும் போல."

"உறங்குனதுக்கா?"

"உறங்குனதுக்கு."

"ஆளு ஒண்ணையும் கொல்லல்லியே?"

"கொன்னாக்கூட மொதல்ல சஸ்பெண்டுதான். இது பதினேழு பி."

"கல்யாண வீட்டுல அம்புட்டும் தின்னுட்டு வந்த மனுசன் உறங்காம பின்ன பாட்டா படிப்பான்? இதப் போய்ச் சொல்லுங்களேன்."

"தின்னதச் சொல்லப்பிடாதாம்."

ஜெபகுமாரி மீன் சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவள்போல, "அண்ணன் வந்திருந்தான். வள்ளத்துல ஆளு கொறையுதாம். உங்கள ஒரு வார்த்தை கேட்கச் சொன்னான்" என்றாள்.

சிலுவைதாசனின் முழங்கால் ஆடத் தொடங்கியது. அவன் கையால் அதை அழுத்திப் பிடித்தான். அதற்குப் பிறகு கையும் ஆடியது. இன்னொரு தேர்வு எழுதித் தேறும் தெம்பு தனக்கு இல்லையென்று அவனுக்குத் தெரியும். இந்த வேலை போனால் முன்னால் இருப்பது கடல் மட்டும்தான். அங்கே உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே அதன் சத்தம் கேட்டது.

விசாரணை அதிகாரி சென்னையிலிருந்து ஒரு சுருக்கெழுத்தரோடு வந்து இறங்கினார். மெலிந்த உடம்பு, இஸ்திரி குலையாத சட்டை. கோப்பைத் தவிர வேறு எதையும் நேராகப் பார்க்க மாட்டார். முதல் கேள்வியிலேயே சிலுவைதாசனுக்கு வியர்த்தது.

"மிஸ்டர் சிலுவைதாசன், நீங்க இப்போ விழித்திருக்கீங்களா?"

சிலுவைதாசன் பொன்னுலிங்கத்தைப் பார்த்தான், செல்லபாயைப் பார்த்தான், ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

"அத ஐயாதான் முடிவு பண்ணணும்" என்றான்.

"ஒத்துழைக்கிறார்னு எழுதிக்கோங்க" என்றார் அதிகாரி.

மருத்துவக் கருத்துச் சொல்ல அரசு மருத்துவர் ஷாஹினாஸை வரவழைத்திருந்தார்கள். கோட்டாற்றுப் பெண், சின்ன வயது. வெளியே நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"நிறையச் சாப்பிட்டா உறக்கம் வர்றது இயல்பு சார். அதுவும் சோறும் இனிப்பும் சேர்ந்தா, ரத்தத்துல சர்க்கரை கூடும். குடல்ல இருந்து சில சுரப்புகள் மூளைக்குச் சேதி கொண்டுபோகும். நம்மள முழிச்சிருக்க வைக்கிற மூளைச் செல்லுகள் கொஞ்சம் அடங்கும். போதாததுக்கு மதியம் ரெண்டு, மூணு மணிக்கு உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரமே ஒரு சரிவுல இருக்கும். பட்டினி கிடந்தாலும் அந்த நேரத்துல கண்ணு சொக்கும்."

"ரத்தமெல்லாம் வயித்துக்குப் போயிடும்னு சொல்வாங்களே?"

"வயித்துக்குக் கொஞ்சம் கூடுதலாப் போறது உள்ளதுதான். அதுக்காக மூளைக்குப் போறது ஒண்ணும் கொறையாது சார். அது பழைய பேச்சு."

அதிகாரி சுருக்கெழுத்தர் பக்கம் திரும்பினார். "எழுதுங்க. ஊழியரின் இரத்தத்தில் ஒரு பகுதி, அலுவலக நேரத்தில், வயிற்றுப் பகுதிக்கு இடம்பெயர்ந்துள்ளது. இந்த இடமாறுதலுக்கு உரிய அலுவலரின் ஒப்புதல் பெறப்பட்டதா?"

"ரத்தத்துக்கா சார்?" என்று கேட்டார் டாக்டர்.

"அலுவலக நேரத்துல எது நகர்ந்தாலும் ஒப்புதல் வேணும் டாக்டர். அப்புறம், ஒரு கடிகாரம்னு சொன்னீங்க. அதை எந்தத் துறை வழங்கியது?"

டாக்டர் ஷாஹினாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிலுவைதாசன் பக்கம் திரும்பி, "நீங்க அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க, அதோட முடிஞ்சுது" என்றார்.

முடியாமல் போனது அங்கேதான். பொன்னுலிங்கத்தின் கணக்கில் சிலுவைதாசன் தின்றதே இல்லை. "ஓர்மையில்ல டாக்டர், மறந்துபோச்சு" என்றான். அதிகாரி ஒரு பெரிய வண்ணப் படத்தை எடுத்து மேசையில் விரித்தார். காணொலியிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய சிலுவைதாசனின் வாய் அது. ஒரு முழ அகலம் இருந்தது. ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை.

"ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தோம். வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பொருளாக இருக்கலாம்னு நிறத்தை வச்சுச் சொல்றாங்க."

பொன்னுலிங்கம் எழுந்தார். எழுந்த வேகத்திலேயே அவருடைய பேச்சு அரசாணைத் தமிழுக்கு மாறிவிட்டது.

"ஐயா, அன்றைய தினம் என் மகளுடைய திருமணம் சுசீந்திரத்தில் நடந்தது உண்மை. ஆனால் அலுவலக நேரத்தில் எந்த ஊழியரும் திருமணத்துக்கு வரவில்லை. மண்டபத்தை அடுத்து ஒரு குளம் இருக்கிறது. அதைக் கள ஆய்வு செய்யத்தான் அனைவரும் ஜீப்பில் வந்தார்கள். கடமையில் நாங்கள் ஒருபோதும் குறை வைத்ததில்லை."

"ஆய்வு எவ்வளவு நேரம் நடந்தது?"

"மூன்று பந்தி நேரம் ஐயா."

"பிறகு?"

"ஆய்வு முடிந்து கை கழுவ மண்டபத்துக்குள் வந்தார்கள்."

"கை கழுவ வந்தவர்கள் ஏன் சாப்பிட்டார்கள்?"

"கழுவிய கையை வீணாக்குவது முறையல்ல ஐயா."

அதிகாரி இதை வெகுவாக மதித்தவர்போல் தலையசைத்தார். "குளத்தில் தண்ணீர் இருந்ததா?"

"அது ஆய்வின் வரம்பில் வரவில்லை."

இந்தப் பதிலோடு கல்யாணம், ஜீப், மற்ற ஊழியர்கள் எல்லாம் விசாரணையிலிருந்து விடுபட்டன. சிலுவைதாசனின் வாய் மட்டும் மேசைமேல் திறந்தபடி கிடந்தது.

"ஆக, உணவுதான் காரணமா, ஊழியர்தான் காரணமா என்பது கேள்வி" என்றார் அதிகாரி. "இதுக்கு ஒரே வழி, நிகழ்வை அப்படியே மீளுருவாக்கம் செய்யறது. அதே சமையல்காரர், அதே சாப்பாடு, அதே நாற்காலி. சாப்பிட்ட பின் இவர் தூங்கினால், பழக்கமாகத் தூங்குபவர்னு ஆகும். பணிநீக்கம். தூங்கலைன்னா, அந்தச் சாப்பாட்டுக்கு உறக்கம் வராதுன்னு ஆகும். அப்போ அன்னைக்கு வேண்டுமென்றே தூங்கியிருக்கார். அதுக்கும் பணிநீக்கம்."

"இது என்ன நியாயம் சார்?" என்று டாக்டர் ஷாஹினாஸ் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"விஞ்ஞானம், டாக்டர்."

"எனக்கு ஓ.பி. இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சிலுவைதாசனுக்கும் அவர் பின்னாலேயே ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. அவன் மெல்ல, "மூணாவதா ஒரு வழி உண்டா ஐயா?" என்று கேட்டான். விதியில் இரண்டு பத்திகள்தான் இருக்கின்றன என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார்.

அரசாங்கம் ஒருவனை வேலையை விட்டு நீக்குவதற்குக்கூட ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியிருந்தது. மீளுருவாக்கச் சாப்பாட்டுக்கு மூன்று பேரிடம் விலை கேட்டார்கள். அதே சமையல்காரர்தான் சமைக்க வேண்டுமென்பதால், பூதப்பாண்டியைச் சேர்ந்த அந்த ஒரே சமையல்காரர் மூன்று பெயர்களில் மூன்று விலை எழுதிக் கொடுத்தார். அவருக்குள் குறைந்த விலை சொன்னவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரதமன் உணவா பானமா என்று நிதிப்பிரிவு கேட்டது. இலையில் விட்டால் உணவு, தம்ளரில் விட்டால் பானம் என்று செல்லபாய் பதில் எழுதினார். கோப்பு போய்ப் போய் வந்தது. இந்த மாதங்களில் சிலுவைதாசன் எட்டுக் கிலோ குறைந்தான். சோற்றைப் பார்த்தால் அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மதியம் இரண்டு மணி ஆனால் யாரோ பின்னால் நிற்பதுபோல் திரும்பிப் பார்ப்பான்.

2012 ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தப் பந்தி நடந்தது. கூட்ட அறையில் ஐந்து இலை போட்டார்கள். சான்றாக எடுத்துக்கொள்ளும் பொருளை விசாரணை அதிகாரி தாமே பரிசோதிக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதனால் அவரும் உட்கார்ந்தார். அவர் சாப்பிடும்போது நின்றுகொண்டிருப்பது மரியாதையில்லை என்று பொன்னுலிங்கம் உட்கார்ந்தார். செல்லபாயும் சுருக்கெழுத்தரும் உட்கார்ந்தார்கள். சிலுவைதாசனை அதே நாற்காலியில் அதே கேமராவுக்கு முன்னால் வைத்தார்கள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பருப்பும் நெய்யும் வந்தன. சாம்பார் வந்தது. அவியல், எரிசேரி, இஞ்சிப் பச்சடி, ஏத்தங்காய் உப்பேரி எல்லாம் இலையின் மேல்பாதியில் இடம் பிடித்தன. அதிகாரி முதலில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அவியலைத் தொட்டவர் அதை விடவில்லை. சாம்பாருக்கு மூன்று தடவை சோறு வாங்கினார். பாயசம் வந்தால் சாப்பாடு முடிந்தது என்பது அவருடைய ஊர்க் கணக்கு. அந்தக் கணக்கை நம்பி வயிற்றில் இருந்த இடம் முழுவதையும் நிரப்பிவிட்டார். பிரதமன் வந்ததும் முடியப்போகிறது என்ற மகிழ்ச்சியில் அதையும் இரண்டு முறை வாங்கி, பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, இலையை வழித்தார்.

"பிரமாதம். முடிஞ்சுதா?"

"இது மொதப் பாயசம் ஐயா" என்றார் பொன்னுலிங்கம். "இனி சிறுபயறுப் பாயசம் உண்டு. அதுக்குப் பெறவு சோறு."

"மறுபடியும் சோறா?"

"ரசத்துக்கு ஒண்ணு, புளிசேரிக்கு ஒண்ணு, மோருக்கு ஒண்ணு. இப்பந்தான் ஐயா பாதி ஆயிருக்கு."

அதிகாரி இலையைப் பார்த்தார். "நான் இதோட நிறுத்திக்கறேன்."

"ஐயா நிறுத்தினா மீளுருவாக்கம் பூர்த்தி ஆகாதே" என்றார் பொன்னுலிங்கம். உண்மையான கவலையோடுதான் சொன்னார். "அன்னைக்கு இவரு மோரு வரைக்கும் தின்னாரு. நான்தான் கூடவே நின்னு விட்டேன்."

தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைக்கவில்லை. அதைக் கவனிக்கும் நிலையில் அதிகாரியும் இல்லை. நீதி முழுமையாக நடக்க வேண்டுமே என்று அவர் சிறுபயறுப் பாயசத்தைக் குடித்தார், ரசத்துக்குச் சோறு வாங்கினார், புளிசேரியில் நெற்றி வியர்த்தார், மோரில் கண் மூடித் திறந்தார். சிலுவைதாசனும் எல்லாவற்றையும் தின்றான். உப்பா புளிப்பா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

இலை எடுத்தார்கள். அதிகாரி கோப்பைத் திறந்து, "இனி கவனிப்போம்" என்றார். அந்த ஆண்டு மின்வெட்டு இல்லாத நாளே கிடையாது. மின்விசிறி நின்றது. கேமராவின் சிவப்பு விளக்கும் அணைந்தது.

முதலில் சுருக்கெழுத்தரின் பென்சில் விழுந்தது. செல்லபாய் முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். பொன்னுலிங்கம் கொஞ்சம் போராடிப் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டார் பெயர் ஏதோ சொன்னார், தலை தொங்கியது. விசாரணை அதிகாரி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து சிலுவைதாசனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிலுவைதாசனின் மார்பைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். கடைசியில் கன்னத்தைக் கோப்பின்மேல் வைத்து, வாயைத் திறந்து, அரசால் அங்கீகரிக்கப்படாத அந்த ஒலியை எழுப்பத் தொடங்கினார்.

சிலுவைதாசனுக்கு உறக்கம் வரவில்லை. இத்தனை நெய்யும் வெல்லமும் உள்ளே போயும் பயம் அவற்றை ஓர் அடிகூட மேலே ஏற விடவில்லை. தூங்கினால் வேலை போகும், ஆகவே விழித்திருக்க வேண்டும் என்று நினைத்தான். விழித்திருந்தாலும் வேலை போகும், ஆகவே தூங்கிவிட வேண்டும் என்று நினைத்தான். கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தான். மூடிய கண்ணுக்குள் மச்சானின் வள்ளம் தண்ணீரில் ஏறி ஏறி இறங்கியது. பதறித் திறந்துவிட்டான். அதிகாரியை எழுப்பலாமா? விசாரணை அதிகாரியைத் தொட்டு எழுப்ப எந்த விதியில் இடமிருக்கிறது? இருமலாமா? இருமினால் சாட்சியைக் கலைத்ததாக நான்காவது குற்றச்சாட்டு வருமோ? ஜன்னல் வழியாக ஒரு காக்கை உள்ளே வந்து, சான்றுப்பொருளாக அரக்கு வைத்திருந்த பப்படத்தைக் கொத்திக்கொண்டு போனது. அதை விரட்டும் தைரியம்கூட அவனுக்கு இல்லை. கையிரண்டும் நாற்காலியைப் பற்றியபடி, நான்கு பேரின் உறக்கத்துக்கு நடுவில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். சாகிறவரைக்கும் இப்படியே உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்தான்.

வெகு நேரம் கழித்து மின்சாரம் வந்தது. மின்விசிறி சுற்றியதும் கோப்பின் தாள்கள் படபடத்து அதிகாரியின் மூக்கில் அடித்தன. அவர் திடுக்கிட்டு எழுந்தார். கன்னத்தில் குண்டூசி பதிந்த தடம் இருந்தது. வாயோரத்தைத் துடைத்தார். சுருக்கெழுத்தரைப் பார்த்தார், உறக்கம். செல்லபாய், உறக்கம். பொன்னுலிங்கம், உறக்கம். பிறகு சிலுவைதாசனைப் பார்த்தார்.

இரண்டு கண்களும் அகலத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அதிகாரியின் முகம் மாறியது. கேமரா பக்கம் திரும்பினார். மின்சாரம் வந்தும் அதன் விளக்கு தானாக எரியவில்லை. மறுபடி சிலுவைதாசன் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை என்னவென்று சிலுவைதாசனுக்கு உடனே தெரிந்துவிட்டது. மாதக்கணக்காகக் கண்ணாடியில் பார்த்துவரும் பார்வைதான். பெரியவர் பயந்துவிட்டார். அவர் பயந்துவிட்டார் என்று தெரிந்ததும் சிலுவைதாசனுக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. பயப்படாத அதிகாரி வேலையை மட்டும்தான் எடுப்பார். பயந்துபோன அதிகாரி வேறு என்னென்ன எடுப்பாரோ.

"நீங்க..." அதிகாரி கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எவ்வளவு நேரமா முழிச்சிருக்கீங்க?"

"இப்பந்தான் ஐயா முழிச்சேன்" என்றான் சிலுவைதாசன். "நல்லா உறங்கிப்போனேன்."

"எப்போ தூங்கினீங்க?"

"இலை எடுத்த ஒடனே ஐயா. ஐயா பார்த்துட்டே இருந்தீங்க. எனக்குத்தான் கண்ணத் தொறக்க முடியல்ல."

"நான் பார்த்துட்டே இருந்தேன்."

"ஆமா ஐயா."

"ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கலை."

"எடுக்கல்ல ஐயா."

அதிகாரி மெதுவாக மூச்சு விட்டார். சட்டையை இழுத்துச் சரிசெய்தார். அந்தத் துறையில் அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்த மேலதிகாரியும் அவனை இவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை. அவர் மேசையை ஓங்கித் தட்டினார். மற்ற மூவரும் குதித்து எழுந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

"எழுதுங்க" என்றார் அதிகாரி. "நான் தொடர்ந்து விழிப்புடன் கவனித்ததில், ஊழியர் உணவு உண்டபின் இயல்பாக உறங்கினார். உண்டபின் உறக்கம் வருவது உடலின் இயற்கை என்ற மருத்துவரின் கருத்து இதனால் மெய்ப்பிக்கப்படுகிறது. குற்றச்சாட்டுகள் மூன்றும் கைவிடப்படுகின்றன. ஊழியர் நேர்மையானவர், நம்பத்தகுந்தவர். தகுதிகாண் பருவம் நிறைவுற்றதாக அறிவிக்கப் பரிந்துரைக்கிறேன்."

"பழக்கமாத் தூங்குறவருன்னு ஆகும்னு சொன்னீங்களே ஐயா" என்று உறக்கம் கலையாத பொன்னுலிங்கம் ஆரம்பித்தார். அதிகாரி அவரைப் பார்த்த பார்வையில் குளம், ஜீப், பந்தி எல்லாம் இருந்தன. பொன்னுலிங்கம் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக ஒரு வாக்குமூலம் வேண்டியிருந்தது. சுருக்கெழுத்தர் தட்டச்சு செய்து கொடுத்ததைச் செல்லபாய் எழுந்து நின்று வாசித்தார்: "விசாரணை அதிகாரி அவர்கள் முழு நேரமும் விழித்திருந்தார் என்பதை, உறங்கிக்கொண்டிருந்த நான் என் கண்ணால் கண்டேன். இது யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கொடுக்கப்படுகிறது."

"சரியா இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"சரியா இருக்கு ஐயா."

பேனாவைக் கொடுத்தார்கள். சிலுவைதாசன் குனிந்தான். பெயரின் முதல் எழுத்து ஒரு பக்கமும் இரண்டாம் எழுத்து இன்னொரு பக்கமுமாகப் போனது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினான். அப்போதும் தாள் சடசடவென்று சத்தம் போட்டது.

"ஏன், கை இப்படி நடுங்குது?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல ஐயா. இப்பந்தான் உறக்கம் தெளிஞ்சுது."